வீடு கட்டுவதா, வாங்குவதா? கணக்கில் விடுபடும் செலவுகள்

மகளுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே எமது கிழக்கில் வாப்பாமார் போடும் கணக்கு வீட்டுக் கணக்குத்தான். இது முஸ்லிம்களின் வழக்கம் மட்டுமல்ல. நான் படிப்பிக்கும் கிரானில் தமிழ்ப் பெற்றோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். சீதன வீடு கேட்பது சரியா என்பது வேறு விவாதம். பிழை என்பதே எனது கருத்து. ஆனால் வழக்கம் இருக்கும்வரை கணக்காவது சரியாக இருக்க வேண்டும். கிரானிலிருந்து ஓட்டமாவடி வரை போனால், கூரையைக் காணாமல் பாசி பிடித்து நிற்கும் சுவர்கள் கண்ணில் படும். அவற்றில் பல, கணக்குப் பிழைத்த வீடுகள்.

எல்லோரும் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பது. அதற்கு மேசன் ஒரு தொகை சொல்வார், கொந்தராத்துக்காரர் இன்னொன்று சொல்வார். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு பொதுக் கணக்கு. 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. அதாவது சதுர அடிக்கு 1,000 ரூபா. அதுவும் போதாமல் பலர் கடன்பட்டே முடித்தார்கள். அதே திட்டத்தின் 4ஆம் கட்டத்தில், மலையகத்தில், ஏறத்தாழ அதே அளவு வீட்டுக்கு ஒதுக்கிய தொகை 28 இலட்சம். சதுர அடிக்கு 5,000 ரூபாவுக்கு மேல். மலையகத்தின் ஏற்றுகூலி வேறுதான். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் செலவு போன திசையை இது காட்டும். டைல்சும் மதிலும் கேற்றும் இல்லாத சாதாரண வீட்டுக்கே இந்தத் தொகை.

இப்போது 800 சதுர அடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இந்த அடிப்படையில் 40 இலட்சத்தைத் தாண்டும். பலர் இத்தோடு பேனையை மூடி விடுகிறார்கள். கிரான் பக்கத்தில் அப்படி மூட முடியாது. மாரி வந்தால் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் படகில் போய்வருவது வருடா வருடம் பார்க்கும் காட்சி. தாழ்ந்த வளவு என்றால் மண் போட்டு உயர்த்தாமல் அத்திவாரம் வெட்டக் கூடாது. 20 பேர்ச்சஸ் என்பது 5,445 சதுர அடி. அதை 2 அடி உயர்த்த ஏறத்தாழ 109 கியூப் மண் வேண்டும். டிப்பர் ஒன்றுக்கு 3 கியூப் என்றாலும் 36 லோட். இந்த மண் எந்த மேசனின் மதிப்பீட்டிலும் இருக்காது. கிணறு, மலசலகூடக் குழி, மின் இணைப்பு, பிரதேச சபையின் கட்டட அனுமதி, வேலை முடியும்வரை இருக்கும் வாடகை வீடு, இவையும் அதில் இல்லை.

அடுத்தது காலம். "கட்டாரிலிருந்து மகன் அனுப்ப அனுப்பக் கட்டுவோம்" என்று தொடங்குபவர்கள் விலையை நேற்றைய விலையில் கணக்கிடுகிறார்கள். 2021இல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் அத்திவாரத்தோடு நின்ற வீடுகள் எத்தனை! நின்ற வேலையை மீண்டும் தொடங்கும்போது துருப்பிடித்த கம்பிக்கும் வெடித்த சுவருக்கும் தனிச் செலவு. என்னைக் கேட்டால், வளவு சொந்தமாக இருந்து, கூரை போட்டு ஓர் அறையும் மலசலகூடமும் முடிக்கும் காசு கையில் இருந்தால் கட்டலாம். இல்லாவிட்டால் பழைய வீடொன்றைத் தேடுவதே மலிவு. வாங்கும் வீட்டுக்கு விலை ஒரே நாளில் முடிவாகி விடும். அடுத்த மாதமே குடியேறலாம்.

ஆனால் வாங்குவதிலும் பொறி இருக்கிறது. இங்கு பல காணிகள் பெர்மிட் காணிகள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்று சத்தியக்கடதாசியையோ அற்றோனித் தத்துவத்தையோ நீட்டுவார்கள். அந்தக் கடதாசிக்குக் கொடுக்கும் காசு வீட்டுக்குரிய விலை அல்ல. சொந்தக்காரரின் பிள்ளைகள் நாளை உரிமை கேட்டு வந்தால் மகள் தெருவில் நிற்க வேண்டும். முற்பணம் கொடுக்கும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரியுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யுங்கள். வீட்டையும் கோடையில் பார்க்காதீர்கள், நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தைப் புதுப் பெயின்ற் கொஞ்ச நாளைக்குத்தான் மறைக்கும்.

கடன் எடுப்பவர்கள் வட்டியில்லா முறை என்றாலும் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், முடிவில் கட்டும் மொத்தத் தொகையை எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக முத்திரை வரி. விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 60 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு 2,39,000 ரூபா. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 2 வீதம். அதே வீட்டுக்கு 1,20,500 ரூபா. வாப்பா தன் பெயரில் வாங்கி, பிறகு மகளுக்கு நன்கொடையாக எழுதினால் இரண்டையும் கட்ட வேண்டும். நொத்தாரிசுக் கட்டணமும் இரண்டு தடவை. மகளுக்கென்றே வாங்குவதாக இருந்தால் முதல் உறுதியையே அவளுடைய பெயரில் எழுதுங்கள்.