குழந்தையைச் சுமக்கும் துணி



திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சேர்ந்த லிங்கநகரிலும், ஏனைய தமிழூர்களிலும், பழஞ்சேலையை வீட்டு வளையிற் கட்டி ஏணையாக்குவது நமக்குப் பழகிய வழக்கம். ஏணை வீட்டோடு நிற்பது. வெளியே செல்லும் தாய்க்கோ, குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டும் நீண்ட துணியும், தோளில் மாட்டும் தூளியும், வார்கள் தைத்த பையும் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றுள் எதனைத் தெரிவு செய்வது? விலையையும் நிறத்தையும் பார்க்குமுன், குழந்தையின் மூச்சைப் பார்க்க வேண்டும்.

பச்சிளங் குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ வலுவற்றது. ஆழமான தூளியினுள் உடல் வளைந்து கிடக்குமாயின், மோவாய் மார்பில் அழுந்தி மூச்சு வழி அடைபடும். மூக்கு துணியிற் புதைந்தாலும் அவ்வாறே. அவ்வேளையில் குழந்தையால் தலையைத் திருப்பவும் இயலாது. உரக்க அழவும் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு, 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. முந்திய 20 ஆண்டுகளில் இத்தகைய தூளிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 மரணங்களை அது எடுத்துக் காட்டிற்று. அவற்றுள் 12, நான்கு மாதம் நிறையாத குழந்தைகளுடையவை.

அங்ஙனமாயின், சுமப்பதே தீதோ? அன்று. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டும் முறையை வைத்தியர்கள் கைக்கொண்டனர். 'கங்காரு பராமரிப்பு' எனும் அம்முறையை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆகவே, குற்றம் சுமப்பதில் இல்லை. கட்டும் முறையிலேயே உள்ளது.

நல்ல துணியின் இலக்கணம் எளிது. குனிந்து பார்த்தால் குழந்தையின் முகம் முழுவதும் தெரிய வேண்டும். அதன் உச்சி, தாய் முத்தமிடக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். மோவாய்க்கும் மார்புக்கும் இடையே ஒரு விரலேனும் நுழைய வேண்டும். துணி தளராது, குழந்தையை நிமிர்த்தி முதுகைத் தாங்க வேண்டும். தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தினும் சற்று உயர்ந்திருத்தல் இடுப்பு மூட்டு செவ்வனே வளரத் துணைபுரியும். கால்கள் நேரே தொங்கும் ஒடுங்கிய பை உகந்ததன்று. நம் பாட்டிமார் குழந்தையை ஒக்கலையில் இருத்தியபோது, கால்கள் இவ்வாறே விரிந்திருந்தன அன்றோ!

கச்சான் காற்று அனலென வீசும் திருகோணமலையில், தடித்த பஞ்சுப் பையினும் மெல்லிய பருத்தித் துணியே சிறந்தது. வாங்குமுன் தையலையும் கொளுக்கியையும் இழுத்துப் பாருங்கள். குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதும், மோட்டார் சைக்கிளில் ஏறுவதும் ஆகா. விபத்து நேர்ந்தால் துணி காவாது. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தையாயின், முதலில் வைத்தியரிடமோ குடும்பநல மருத்துவமாதிடமோ ஆலோசனை பெறுதல் அவசியம்.

ஏணையில் உறங்கும் சிசுவுக்கும் இவ்விதி பொருந்தும். அங்கும் மோவாய் மார்பில் அமிழக்கூடும். எனவே பெரியவர் ஒருவரின் கண் அதன்மேல் இருக்கட்டும். விலையுயர்ந்த பையாயினும் வீட்டுப் பழஞ்சேலையாயினும், பிள்ளையின் முகத்தை மறைக்கும் துணி வேண்டாம்.