உஷார்! உங்கள் ஏலக்காய் ஸ்டோரை ராத்திரி யார் பார்க்கிறார்கள்?

முதலில் எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பாருங்கள். வீட்டில், கடையில், மலைமேல் ஸ்டோரில் மினுக் மினுக்கென்று எரிகிறதே, அந்த இன்டர்நெட் பெட்டி, அதாவது ரவுட்டர். அதன் கதவு திறந்து கிடக்கலாம். உங்களுக்குத் தெரியாமலே!

பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கேள்வி கேட்டன. கேட்க வேண்டியதுதான். நடுவீட்டில் ஆணியடித்து மாட்டிய பெட்டியைப் பற்றி நம்மில் ஒருவராவது கேட்டோமா?

போடியில் குடியிருப்பவர் ஒருவர். பெயர் வேண்டாம், பாவம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், அதற்குள் தலை திருப்பும் கேமரா ஒன்று. கீழே போடியிலிருந்து பார்த்தால் படம் வரவில்லை என்று அவருக்குக் குறை. கனெக்‌ஷன் மாற்ற வந்த பையன் சொன்னான்: "அண்ணே, இது புது லைன். ஐபிவி6. ஃபயர்வால்னு ஒரு டிக் இருக்கு, அதை எடுத்துட்டா கேமரா நேரா உங்க போனுக்கு வந்துரும்." எடுத்தான். வந்தது. இவரும் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மூன்று வாரம் போயிருக்கும். காய் எடுப்பு மும்முரமான நேரம். நடுச்சாமத்தில் காவலாளி கண் விழித்தால், மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா மெல்லத் தலையைத் திருப்பி அவருடைய கட்டிலைப் பார்க்கிறது. அப்புறம் அதற்குள்ளிருந்து ஒரு குரல். என்ன பாஷை என்றே தெரியவில்லை. பிறகு ஒரு சிரிப்பு! மனுஷன் முனிதான் வந்துவிட்டது என்று ஸ்டோரைப் பூட்டாமலே ஓடியிருக்கிறார்.

"குடிச்சிருந்தியா?" என்றார் முதலாளி. மறுநாள் ராத்திரி அவரே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் படவில்லை. கேமரா திரும்பியது.

பயனர் பெயர் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின்.

மூட்டை ஒன்றும் போகவில்லை. அதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளாதீர்கள். எத்தனை மூட்டை இருக்கிறது, ஜீப் எப்போது ஏறுகிறது, காவலாளி எத்தனை மணிக்கு அசருகிறார் என்று மூன்று வாரமாக யாரோ பார்த்திருக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலத்தில் போடியிலும் புத்தடியிலும் ஏலக்காய் கைமாறும் ஊர் இது. ஒருவரிடம் சரக்கு எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற செய்திக்கே இங்கே விலை உண்டு.

இது எப்படி நடந்தது? தோட்டத்து லயனை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் லயனில் இருபது வீடு இருந்தாலும் வெளியே ஒரே முகவரி, தோட்ட ஆபீஸ். கடிதம் அங்கே வரும், கணக்கப்பிள்ளை பிரித்துக் கொடுப்பார். யாருக்கு என்று தெரியாத கடிதம் அவர் மேஜையோடு நின்றுவிடும். பழைய இணைய முறையான ஐபிவி4இல் நம் வீடு இப்படித்தான் இருந்தது. 1981இல் வகுத்த அந்த முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். பற்றவில்லை. அதனால் ஒரு முகவரியை வீடே பகிர்ந்துகொண்டது. அந்தத் தட்டுப்பாடே நமக்கு ஒரு சுவராகவும் இருந்தது. யாரும் பாதுகாப்புக்கென்று கட்டிய சுவர் இல்லை, தானாக அமைந்தது.

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதற்காகவே 1995இலிருந்து எழுதித் திருத்தி வந்ததுதான் ஐபிவி6. 39 இலக்க எண் அளவுக்கு முகவரிகள்! லயனில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு எண். டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. தபால்காரர் நேராக வாசலுக்கே வருவார். கணக்கப்பிள்ளைக்கு வேலை இல்லை. இந்த மாற்றத்தில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. நல்லதுதான். ஆனால் வாசலில் நின்று 'யாருய்யா நீ?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமா, இல்லையா? அந்த ஆள்தான் ஃபயர்வால். அந்தப் பையன் எடுத்துவிட்ட டிக்.

இனிமேல்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம். இணையம் இயங்கும் விதிகளை எழுதுவது ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் கூட்டம். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓட்டெடுப்பு கிடையாது, கூட்டத்தில் 'ஹ்ம்ம்' என்று முனகியே சம்மதத்தின் அளவைக் காட்டுவார்கள். (எங்கள் தெருக் கூட்டத்துக்கும் இதைக் கொண்டுவந்தால் தேவலை.) அவர்கள் எழுத்தில் 'கட்டாயம்' என்பதற்கு ஒரு சொல். 'செய்வது நல்லது, தக்க காரணம் இருந்தால் விடலாம்' என்பதற்கு வேறொரு சொல். வீட்டு ரவுட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆர்எஃப்சி 7084 என்ற ஏடு, உள்ளே வருவதை வடிகட்டும் வசதி இருப்பது நல்லது என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. பெட்டி கைக்கு வரும்போதே அந்த வசதி இயங்க வேண்டுமா என்பதில் இந்த ஏடு எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை என்று எழுதியே வைத்துவிட்டது!

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் அடைத்தால் நேருக்கு நேர் பேசத்தானே இந்த முறை, அதுவே கெட்டுப்போகுமே என்பது பலருடைய வாதம். இருக்கட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் பொறுப்பு கடைசியில் பெட்டி செய்பவருக்கும், மாட்ட வருகிற பையனுக்கும், உங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை!

'இத்தனை கோடி முகவரியில் என் கேமராவை எவன் கண்டுபிடிப்பான்?' என்று ஒருவர் என்னிடமே கேட்டார். குருட்டாம்போக்கில் தேடினால் லட்சக்கணக்கான வருஷம் ஆகும், உண்மை. ஆனால் உங்கள் கேமரா வெளி சர்வர்களோடு பேசும்போதெல்லாம் தன் முகவரியை அங்கே விட்டுவிட்டு வருகிறது. தொடக்க கால விதிப்படி, கருவியின் வன்பொருள் எண்ணையே முகவரிக்குள் பொதித்துவிடுவார்கள். அதில் தயாரிப்பாளர் யார் என்பது வரை தெரியும். வீட்டின் முன்பகுதி எண்ணும் தெரிந்துவிட்டால், மிச்சம் தேட வேண்டியது சுமார் 1 கோடியே 67 லட்சம்தான். கணினிக்கு அது சுண்டைக்காய். இது தப்பு என்று 2001இலேயே மாற்று வழி சொன்னார்கள். நிலையான முகவரிக்கு அந்த எண்ணை வைக்காதீர்கள் என்ற பரிந்துரை வர 2017 ஆனது. அதற்கு முன் வாங்கிய கேமரா உங்கள் சுவரில் இருக்கிறதா? யோசியுங்கள்.

இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் உஷார்!

முகவரி 2 அல்லது 3இல் தொடங்குகிறதா? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கேமராவின் ஐபிவி6 முகவரியைப் பாருங்கள். அப்படித் தொடங்கினால் அது வெளியுலகக் கதவு எண். 'எஃப்இ80' என்று தொடங்கினால் வீட்டுக்குள் மட்டும் செல்லும். அது எல்லாக் கருவிக்கும் இருக்கும், பயமில்லை.

நடுவில் 'எஃப்எஃப்:எஃப்இ' வருகிறதா? கருவி தன் ஜாதகத்தையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"ஃபயர்வாலை ஆஃப் பண்ணினால் சரியாயிடும்" என்கிறாரா மாட்ட வந்தவர்? கையைப் பிடித்து நிறுத்துங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பிரௌசரைத் திறந்து, கேமராவின் முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் உலகத்துக்கே வந்தது போலத்தான். வராவிட்டாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், ரவுட்டரில் அந்த டிக்கையும் பாருங்கள்.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறதா? 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கையில் இருந்தது அறுபது சொச்சம் பொதுப் பாஸ்வேர்டுகள். அவ்வளவுதான்!

பயந்துபோய் ஐபிவி6ஐயே அணைத்துவிடாதீர்கள். தெருவில் திருடன் என்று வாசலையே சுவர் வைத்து அடைக்கிற கதை அது. டிக்கைப் போடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், கேமரா கம்பெனி புது மென்பொருள் தந்தால் ஏற்றுங்கள். தந்தே பல வருஷம் ஆகிவிட்டதென்றால் அந்தக் கேமராவைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராவைத்தான் விற்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே சுவரில் தொங்குவதை அது காப்பாற்றாது.

அந்தப் போடிக்காரர் டிக்கைப் போட்டுவிட்டார். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். காவலாளிதான் கேட்கவில்லை. விளக்கணைத்ததும் கேமரா தலைமேல் துண்டைப் போட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் படுக்கிறார்.