பத்திரம் பிரெஞ்சில், கடன் ரூபாயில்

புதுச்சேரியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பவரிடம் சம்பளச் சீட்டுக்கு அடுத்தபடியாக வங்கி கேட்பது தாய்ப்பத்திரம். பழைய வீடு என்றால் அது பிரெஞ்சு மொழியிலேயே இருக்கக்கூடும். பிரெஞ்சு அரசு நியமித்த ‘நொத்தேர்’ என்ற அதிகாரி எழுதிக் கொடுத்தது அது. மொழிபெயர்ப்பு கைக்கு வந்த பிறகே வங்கி வக்கீல் ‘லீகல்’ பார்க்கத் தொடங்குவார்.

மொழியாவது காசு கொடுத்தால் தீரும். விற்றவருக்கு அந்த வீடு எந்தச் சட்டப்படி சொந்தமானது என்பதுதான் வக்கீலைத் திணற வைக்கும் கேள்வி.

பிரான்சிடம் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. ஆனால் இந்தியச் சட்டங்கள் அன்றே மொத்தமாக வந்துவிடவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. அடமானத்தின் அடிப்படை விதிகளைச் சொல்லும் சொத்து மாற்றுச் சட்டம், 1968-இல் நாடாளுமன்றம் இயற்றிய நீட்டிப்புச் சட்டத்தின் வழியாக வந்தது.

அதனால் பத்திரத்தின் தேதியை வைத்தே பதில் மாறும். தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட புதுச்சேரி வழக்கமோ, தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவரையே முழு உரிமையாளராகக் கருதியது. தமிழ்நாட்டு எல்லையான கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வழக்குப் போட இடம் தரும் கிரயம், இந்தப் பக்கம் தகப்பன் ஒருவர் கையெழுத்திலேயே செல்லும்.

இன்னொரு பிரிவினர் ‘ரெனோன்சான்’கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின் கீழ், சாதி மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்தாது. அந்தச் சிவில் சட்டப்படி, பிள்ளைகள் உள்ளவர் சொத்து முழுவதையும் விருப்பம்போல் உயில் எழுதிவிட முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே ஒரு மகன் பேரில் மட்டும் உயில் இருக்கிறது என்றாலும் வக்கீல் மற்ற பிள்ளைகளைத் தேடுவார். அவர்கள் பிரான்சில் இருந்தால் கையெழுத்தோ பவர் பத்திரமோ கடல் தாண்டி வந்தாக வேண்டும்.

இத்தனையும் தாண்டிக் கடன் கிடைத்தால், அசல் பத்திரம் வங்கிப் பெட்டகத்துக்குப் போகும். பத்திரத்தை ஒப்படைப்பதே அடமானம். இதைப் பதிவு செய்யாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் தெரியாது. ஒரே வீட்டைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்கும் மோசடிக்கு அதுவே வழியானது. அதைத் தடுக்க 2011-இல் ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவேடு தொடங்கப்பட்டது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பலாம். கடன்தாரர் ஆட்சேபித்தால் வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். பிறகும் பணம் வராவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தத் தொடங்கலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. முன்பு அந்த மனுவோடு பாக்கியில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டியிருந்தது. 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

கடனை ஒழுங்காக அடைத்தவருக்கும் பத்திரம் திரும்பக் கிடைப்பதில் இழுபறி இருந்தது. 2023 டிசம்பர் 1 முதல், கணக்குத் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கிகள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன்தாரர் இடையில் இறந்தால் ஆவணங்களை வாரிசுகளிடம் ஒப்படைக்கும் நடைமுறையையும் வங்கிகள் வகுத்து இணையதளத்தில் போட வேண்டும். யார் வாரிசு என்பதற்கு, ரெனோன்சான் குடும்பம் என்றால், புதுச்சேரிக் கிளை பிரெஞ்சு சிவில் சட்டத்தைப் புரட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.