சேவற்போரும் தண்டனைச் சட்டமும்: நிலக்காரரும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்கவை

அறுவடை முடிந்து, களத்து வேலை ஓய்ந்திருக்கும் தை மாதத்தில் நம் நாட்டின் பல ஜில்லாக்களில் சேவற்கட்டு நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். அதைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஜீவகாருண்யம் ஒரு புறமும், பரம்பரைப் பழக்கம் மற்றொரு புறமுமாக நின்று வாதிடுவது இயல்பாகிவிட்டது. விவசாயிக்கு இதில் உள்ள நேரான சம்பந்தம் அவ்விவாதத்தில் மறைந்து போகிறது. அச்சம்பந்தம் இரு வகைப்பட்டது. முதலாவது, போர்க்களத்தில் கூடும் சேவல்கள் ஊர் ஊராகக் கொண்டு செல்லும் தொற்றுவியாதி. இரண்டாவது, களம் அமைக்கப்படும் நிலத்தின் உடையவரையே குற்றவாளியாக்கும் சட்டம். சேவற்போருக்குரிய தண்டனைகளைக் கடுமையாக்க வேண்டுமென்ற கோரிக்கை பல நாடுகளில் எழுந்து, சிலவற்றில் நிறைவேறியும் இருப்பதால், இவ்விரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சட்டம் கூறுவது யாது?

பிராணிகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க நம் நாட்டில் 1890-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததே 1960-ம் வருஷத்திய 59-வது சட்டம். இதன் 11-வது பிரிவில் சேவற்போரைப் பற்றிய இரண்டு விதிகள் உள்ளன. வேடிக்கைக்காக ஒரு பிராணியை மற்றொரு பிராணியுடன் போரிடத் தூண்டுவது குற்றமென்று ஒரு விதி கூறுகிறது. பிராணிப்போருக்கென்று இடம் ஏற்படுத்துவோரும், அதை நிர்வகிப்போரும், தம் இடத்தை அதற்காகக் கொடுப்போரும், உள்ளே வருவோரிடம் பணம் வசூலிப்போரும் குற்றவாளிகளே என்று மற்றொரு விதி கூறுகிறது.

இவ்விரண்டாவது விதி நிலக்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியதாகும். அறுவடையான வயலையோ, தென்னந்தோப்பையோ, தரிசு நிலத்தையோ, ‘இரண்டு நாளைக்குத்தானே’ என்று இசைந்து விட்டுக்கொடுக்கும் மிராசுதார், தாம் ஒரு சேவலையும் கையில் தொடாவிடினும் இவ்விதிக்குள் அகப்படுகிறார். அவர் வாடகை பெற்றாரா, இலவசமாக விட்டாரா என்பது குற்றத்தை நீக்காது. மேலும், இரு விதிகளுக்குமிடையே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. களம் அமைப்பதும் இடங் கொடுப்பதும், போலீஸார் வாரண்டு இன்றியே கைதுசெய்யத்தக்க குற்றங்களாக 31-வது பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன. சேவலைப் போரிடத் தூண்டுவது அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, சட்டத்தின் கை முதலில் எட்டுவது சேவற்காரனை அன்று, களத்துக்கு உரியவரையே.

பந்தயங் கட்டுவது இச்சட்டத்தில் அடங்கியதன்று. அது சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டங்களின்கீழ்த் தனியே விசாரிக்கப்படுவதாகும்.

அபராதம் பயன்படாமற் போனதேன்?

குற்றம் இன்னதென்று தெளிவாக வகுத்த சட்டம், தண்டனையை மட்டும் மிக இலேசாக வைத்தது. 1982-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குள் மீண்டும் குற்றம் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறைவாசமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம்.

பழக்கப்பட்ட ஒரு போர்ச்சேவலின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். ஒரு கட்டில் கைமாறும் பந்தயப் பணம் அதனினும் பன்மடங்கு. இந்நிலையில் 50 ரூபாய் என்பது தண்டனையாகத் தோன்றாமல், களம் நடத்துவதற்குச் செலுத்தும் ஒரு சிறு கட்டணம் போலவே ஆகிவிடுகிறது. நூறு பேர் கூடும் களத்தை நடத்தியவனுக்கும், ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு வந்த கூலியாளுக்கும் சட்டம் ஒரே அளவான அபராதத்தை வைத்திருப்பதும் ஒரு குறையே. கிடைக்கும் இலாபத்துக்கும் விதிக்கும் அபராதத்துக்கும் பொருத்தம் இல்லாதவிடத்து, வழக்குத் தொடர்ந்து சாட்சிகளைத் திரட்டும் சிரமத்தை அதிகாரிகளும் மேற்கொள்ள விரும்புவதில்லை.

கோழிவளர்ப்புக்கு நேரும் கேடு

வெள்ளைக்கழிச்சல் என்று குடியானவர்கள் கூறும் இராணிக்கெட் நோய், 1926-ம் வருஷத்தில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மறு வருஷம் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் தோன்றியதால் நம் நாட்டில் அவ்வூரின் பெயரையே பெற்றது. பசுமையும் வெண்மையும் கலந்த கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறகுகள் விளங்காமை ஆகியன அதன் குறிகள். தடுப்பூசி போடப்படாத கோழிகளிடையே புகுந்தால் சில தினங்களில் கூண்டையே காலியாக்கிவிடும்.

இந்நோயின் கிருமி எச்சத்திலும், மூக்கு வாய் நீரிலும் வெளிப்படுகிறது. சேவற்களத்தில் நிகழ்வனவோ அதன் பரவலுக்கென்றே ஏற்பட்டன போல் அமைந்துள்ளன. பல தாலூகாக்களின் சேவல்கள் ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்கின்றன. காயத்தினின்று இரத்தமும், அலகினின்று நீரும் ஒன்றன்மேல் ஒன்று சிந்துகின்றன. ஒரே ஆள் அடுத்தடுத்துப் பல சேவல்களைக் கையாளுகிறான். தோற்று வீழ்ந்த கோச்சையை வென்றவன் தன் ஊருக்கு எடுத்துச் சென்று, கொல்லையில் இறகு பறித்துக் கழிவை எறிகிறான். பிழைத்த சேவல் மீண்டும் வீட்டுக் கோழிகளுடன் மேய்கிறது. தடுப்பூசி போட்ட சேவலாயின் ஆபத்தில்லையென்று கருதுவதும் தவறு. அத்தகைய சேவல் தான் நோயுறாமலே கிருமியை எச்சத்தின் வழியாக வெளிப்படுத்தக்கூடும். நோய் உட்புகுந்து குறிகள் வெளிப்படச் சாதாரணமாக ஐந்தாறு நாளும், சில சமயம் பதினைந்து நாள் வரையும் ஆகுமாதலால், எங்கிருந்து வந்ததென்று அறியுமுன் அது மூன்று நான்கு கிராமங்களைக் கடந்துவிடும்.

பறவைக் காய்ச்சலின் அபாயம் இதனினும் பெரிது. அது மனிதரையும் பற்றுவது. 2004-ம் வருஷத்தில் தாய்லாந்தில் அந்நோய் பரவியபோது, போர்ச்சேவல்களின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு சேவலுக்கும் தனி அடையாளச் சீட்டு வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது.

காலில் கத்தி கட்டி விடும் போரில் மனித உயிருக்கும் அபாயம் உண்டு. 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தெலங்கானாவின் ஜகித்யால் ஜில்லாவில், கத்தி கட்டிய சேவலொன்று தப்பியோட முயன்றபோது, அதைக் கொண்டுவந்தவரே வெட்டுண்டு இறந்தார்.

அமெரிக்காவில் தண்டனை உயர்ந்த விதம்

தொற்றுவியாதிக்கும் தண்டனைச் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு நன்கு விளங்கியது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலாகும். அங்கே 2002-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கலிபோர்னியாவின் தென்பகுதியில், வீட்டுக் கொல்லைகளில் வளர்க்கப்பட்ட கோழிகளிடத்தும் போர்ச்சேவல்களிடத்தும் கொடிய வகை இராணிக்கெட் நோய் கண்டறியப்பட்டது. பின்னர் அது பெரிய முட்டைப் பண்ணைகளுக்குட் புகுந்தது. நோயை ஒழிப்பதற்காக 30 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. செலவு 16 கோடி டாலர் அளவுக்கு ஏறியது. சேவற்போரில் சிறிதும் சம்பந்தப்படாத பண்ணைக்காரர்களே இதில் பெருநஷ்டம் அடைந்தவர்கள். 2018-ம் வருஷத்தில் அதே பகுதியில் நோய் மீண்டும் தோன்றி, 2020-ல் அடங்குமுன் 12 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன.

அந்நாட்டின் மத்திய சட்டம் படிப்படியாகவே கடுமையாயிற்று. 1976-ம் வருஷத்துத் திருத்தம் பிராணிப்போருக்காக ராஜ்யம் விட்டு ராஜ்யம் பிராணிகளைக் கொண்டு செல்வதைத் தடுத்தது; ஆனால் சேவற்போரை அனுமதித்த ராஜ்யங்களுக்கு விலக்களித்தது. 2002-ம் வருஷத்துப் பண்ணைச் சட்டம் அவ்விலக்கை நீக்கியது. 2007-ல் இக்குற்றம் மூன்று வருஷம் வரை சிறைவாசத்துக்குரிய பெருங்குற்றமாக்கப்பட்டது. சேவற்காலில் கட்டும் கத்தி, முள் ஆகியவற்றை ராஜ்யங்களுக்கிடையே விற்பதும் தடுக்கப்பட்டது. 2008-ல் சிறைவாசம் ஐந்து வருஷமாக உயர்ந்தது. 2014-ல் பார்வையாளராகச் செல்வதற்கு ஒரு வருஷமும், 16 வயதுக்குட்பட்ட சிறுவரை அழைத்துச் செல்வதற்கு மூன்று வருஷமும் உச்சத் தண்டனையாக வகுக்கப்பட்டன. சேவற்போரை அனுமதித்து வந்த கடைசி ராஜ்யமாகிய லூயிஸியானாவும் 2008-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தடையைக் கொண்டுவந்தது. போர்ட்டோ ரீக்கோ முதலிய ஆட்சிப்பகுதிகளுக்கு 2019-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தடை விரிவாயிற்று.

இவற்றுட் பல விதிகள் விவசாயத்துக்கான பண்ணைச் சட்டங்களின் பகுதியாகவே இயற்றப்பட்டமை கருதத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேவற்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தடுக்கப்பட்டிருந்தும், பிராணிப்போர்க் குற்றத்தின் உச்சத் தண்டனை ஐந்து வருஷச் சிறைவாசமாக உயர்ந்தது 2021-ம் வருஷத்திலேதான்.

நம் நாட்டில் நடந்த முயற்சி

நம் நாட்டிலும் இக்குறை உணரப்படாமலில்லை. 2014-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டு வழக்கில் அளித்த தீர்ப்பில், பிராணிகளை ஒன்றோடொன்று போரிடத் தூண்டலாகாதென்ற விதி பிசகாமல் அனுசரிக்கப்பட வேண்டுமென்றும், 11-வது பிரிவை மீறுவோருக்குப் போதிய தண்டனை கிடைக்குமாறு பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தும் என்று எதிர்பார்ப்பதாகவும் கூறியது. பின்னர் 2017-ம் வருஷத்தில் தமிழ்நாடு இயற்றிய திருத்தமும், அதை ஏற்று 2023-ம் வருஷம் மே மாதத்தில் வெளிவந்த தீர்ப்பும் காளைகளைப் பற்றியவை. அவற்றால் சேவற்கட்டுக்கும் விலக்குக் கிடைத்ததாகக் கிராமங்களில் சிலர் கருதுவது சரியன்று. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு திருத்த மசோதாவின் நகலைப் பொதுமக்களின் அபிப்பிராயத்துக்காக வெளியிட்டனர். அபராதங்களை உயர்த்துவதும், கொடிய துன்புறுத்தலுக்குச் சிறைவாசத்தை நீட்டிப்பதும் அந்நகலின் நோக்கங்களாகும்.

தண்டனையை உயர்த்துங்கால் தொகையை மட்டும் பெருக்குவது போதாது. களம் நடத்திப் பணம் திரட்டுபவன், இடங் கொடுப்பவர், சேவல் விடுபவன், வேடிக்கை பார்ப்பவன் ஆகியோரின் பங்கு ஒன்றல்ல. அவரவர் பங்குக்கும் இலாபத்துக்கும் ஏற்றவாறு தண்டனை படிப்படியாக அமைதல் வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடுந்தண்டனை என்றால், ஏழைக் கூலியாளைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாத சாட்சிகள் வாய் திறவார்கள். உண்மையில் களம் நடத்தியவனும் தப்பிவிடுவான். தண்டனையின் கடுமையைக் காட்டிலும் அது தவறாது கிடைக்கும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுப்பது.

ஓர் ஆட்சேபம்

சேவற்போர் நின்றால் அசில் முதலிய நாட்டு இனங்கள் அழிந்துபோகும் என்பது அடிக்கடி கூறப்படும் ஆட்சேபம். அசில் இனம் காக்கப்பட வேண்டியதே. எடையும் தசைப்பற்றும் நோய் தாங்கும் திறனும் உள்ள இவ்வினம், கறிக்கோழி வமிசங்களில் முக்கியமான கார்னிஷ் இனத்தின் உற்பத்திக்கும் பயன்பட்டது. ஆனால் அசில் வளர்ப்பதையோ, இனப்பெருக்கம் செய்வதையோ, கண்காட்சிகளில் வைத்துப் பரிசு பெறுவதையோ சட்டம் தடுக்கவில்லை. இனத்தைக் காப்பது நல்ல சேவலைப் பெட்டைகளுடன் விட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்வதாலேயன்றி, அதனைக் களத்தில் மாய விடுவதாலன்று.

செய்யத்தக்கவை

புதிய சட்டம் வரும்வரை உள்ள சட்டம் பயனற்றதென்று இருந்துவிடுவது கூடாது. அதனுள்ளேயே செய்யத்தக்கவை பல உள்ளன.

1. நிலக்காரர்கள் தம் வயலையும் தோப்பையும் களத்துக்கு விடலாகாது. குத்தகைக்கு விட்ட நிலமாயின், குத்தகைதாரரிடமும் இதனை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நலம்.

2. கிராம அதிகாரிகள் களம் அமையப்போகும் செய்தி கிடைத்தவுடன், நாள், இடம், சர்வே எண், நடத்துவோர் விவரம் ஆகியவற்றை எழுத்து மூலம் போலீஸ் நிலையத்துக்கும் தாசில்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். இடத்தைப் பற்றிய விதி வாரண்டின்றி நடவடிக்கைக்கு இடந்தருவதால், இடத்தின் விவரமே மிக முக்கியம்.

3. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரப்பட வேண்டுமென்று 36-வது பிரிவு விதிக்கிறது. தைப்பொங்கலில் நடந்ததற்குச் சித்திரையின் பிற்பகுதியில் ரிப்போர்ட்டு அனுப்புவதால் யாதொரு பயனும் இல்லை.

4. முன்னரே தண்டனை பெற்றவராயின் அதன் விவரத்தையும் சேர்த்தனுப்ப வேண்டும். மூன்று வருஷத்துக்குள் செய்த இரண்டாவது குற்றத்துக்கே சிறைவாசம் விதிக்க இடமுண்டு. பிராணியை அதன் சொந்தக்காரரிடமிருந்து பறிமுதல் செய்யவும் 29-வது பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது.

5. கோழிவளர்ப்போர், குஞ்சு பொரித்த முதல் வாரத்திலும், பின்னர் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்ளும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி இராணிக்கெட் தடுப்பு மருந்து கொடுத்தல் வேண்டும். வெளியூரிலிருந்து வந்த சேவலை மூன்று வாரமாவது தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றக் கோழிகளுடன் விடவேண்டும். கோழிகள் திடீரெனப் பல மடியுமாயின், அவற்றை விற்காமலும் குப்பையில் எறியாமலும் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஒருவர் களத்தில் விட்ட சேவலால் அயலாரின் கூண்டு காலியாவதைத் தெய்வச் செயலென்று பொறுத்துக்கொள்வது கிராமங்களில் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அது தடுக்கக்கூடிய நஷ்டம் என்பதைக் குடியானவர்கள் உணர்ந்து, தம் நிலத்தில் களத்துக்கு இடமில்லையென்று உறுதியாகக் கூறுவார்களாயின், தண்டனைச் சட்டம் செய்யக்கூடிய வேலையில் பெரும்பகுதி சட்டமின்றியே முடிந்துவிடும்.