அடக்கமா? அழுத்தமா?

ஒருவரைப் பற்றி மற்றொருவர் விசாரிக்கும்போது நாம் பெரும்பாலும் ஒரு சொல்லிலேயே விடை கூறிவிடுகின்றோம். கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில், "பெடியன் எப்படி?" என்று கேட்பார்கள். "நல்ல அமைதியான பிள்ளை" என்பார் ஒருவர். "ஆள் சரியான அழுத்தம்" என்பார் வேறொருவர். இருவரும் கண்டது ஒரே பிள்ளையைத்தான். அவன் அதிகம் பேசுவதில்லை என்ற ஒரே செய்தியைத்தான் இருவரும் சொல்ல வந்தனர். ஆனால் முதற் சொல்லைக் கேட்டவர் குறிப்பை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போவார். இரண்டாவது சொல்லைக் கேட்டவர் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

‘ஒத்த கருத்துச் சொற்கள் தருக’ என்று பரீட்சையில் ஒரு வினா வருவதுண்டு. மாணவரும் சினம், கோபம், வெகுளி, சீற்றம் என்று வரிசையாக எழுதி முழுப் புள்ளியும் பெறுகின்றனர். அதிற் பிழையில்லை. நிகண்டுகள் செய்யுள் இயற்றுவோருக்கு உதவவே எழுந்தவை; அசைக்கும் சீருக்கும் பொருந்திய சொல்லைத் தேடுபவருக்கு ஒரு பொருட்குப் பல பெயர் வேண்டியிருந்தது. 1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி ஏறக்குறைய 58,500 சொற்களுக்குப் பொருள் கூறியது. அத்தகைய அகராதிகளும் இடச்சுருக்கம் கருதி ஒரு சொல்லுக்கு வேறொரு சொல்லையே பொருளாகத் தந்து சென்றன. எனினும் அகராதியில் அருகருகே நிற்கும் சொற்கள் வாழ்க்கையிலும் அவ்வாறே நிற்கும் என்று கொள்ளலாகாது.

சினத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இதற்குள்ள சொல்வளம் நம்மவரின் குணத்தைப் பற்றி என்ன கூறுகிறதோ, அதனை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்! சீற்றம் என்பது சீறுதலிலிருந்து வந்தது. பாம்பும் பூனையும் சீறும். வெளியே பாய்வதும் ஒலிப்பதுமே அதன் இயல்பு. ஆதலால்தான் பத்திரிகைகள் ‘கடற்சீற்றம்’ என்று எழுதுகின்றன. ‘கடற்கோபம்’ என்று எவரும் எழுதுவதில்லை. கோபத்துக்கு உள்ளம் வேண்டும். சீற்றத்துக்கு வேகம் போதும். ஆத்திரத்தில் அவசரமும் கலந்திருக்கிறது. ‘ஆத்திர அவசரம்’ என்று இரண்டையும் நாம் இணைத்தே வழங்குகின்றோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியும் அந்த அவசரத்தையே குறித்தது. கறுவு இதற்கு நேர் எதிரானது. அதற்கு அவசரமே இல்லை. ஆண்டுக் கணக்கிற் காத்திருக்கும். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற நிறப்பெயர் இரண்டும் வெகுளியையும் உணர்த்தும் என்கிறார். சிவந்த முகம் சிறிது நேரத்தில் வெளுத்துவிடும். கறுத்த முகத்துக்கே கறுவு பொருத்தமானது என எனக்குத் தோன்றுகிறது. எங்களூர்ப் பேச்சில் வரும் ‘கொதி’ பால் பொங்குவது போன்றது. அடுப்பைத் தணித்தால் அடங்கும். ‘எரிச்சல்’ என்று நாம் சொல்லும்போது அதிற் சினத்தைவிடப் பொறாமையே மிகுதி.

இனி, வெகுளி. இச்சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியும் ஒன்று. ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்பது அவர் கணக்கு. வெகுளி பிறக்கும் இடங்களோ உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்து வருத்துதல், கொலை என்பவை. அஃதாவது, கொடுமையைக் கண்டவிடத்து எழுவது வெகுளி. காலைத் தேநீரிற் சீனி குறைந்ததற்காக எழுவதன்று. திருவள்ளுவர் வெகுளாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் இன்றைய கதைகளிலும் திரைப்படங்களிலும் ‘வெகுளிப் பெண்’ என்றால் சூதுவாதறியாத பேதைப் பெண் என்றே பொருள். சினத்தைக் குறித்த சொல், சினக்கவே தெரியாதவரைக் குறிக்கும் சொல்லாயிற்று! தன் பாட்டியாரை ‘வெகுளி’ என்று எழுதும் மாணவி எதனைக் கருதினாள் என்பதை அடுத்த வாக்கியம் வரும்வரை திருத்துபவர் அறியார்.

பெருமையைக் குறிக்கும் சொற்களில் இதனினும் அவதானம் வேண்டும். பெருமிதமும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்று. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கிலும் பிறப்பது அது. காரணமுள்ள நிமிர்வு எனலாம். காரணமின்றி நிமிர்ந்தால் செருக்கு. பிறரைத் தாழ்த்தி நிமிர்ந்தால் இறுமாப்பு. எங்கள் பக்கத்தில் ‘அவருக்குச் சரியான எண்ணம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். ‘ஆணவம் பிடித்தவன்’ என்று ஏசுவோர் ஒன்றை நினைத்தல் நன்று. சைவசித்தாந்தத்தில் ஆணவம் எல்லா உயிர்களையும் அநாதியே பற்றிய மலம், ஏசுபவருக்கும் விலக்கில்லை. சிக்கனம், கஞ்சத்தனம் என்பவற்றின் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நம்முடையது சிக்கனம், அயலவருடையது மற்றது.

இவ்வளவும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கத்தக்கதன்று. நானறிந்த ஒரு பாடசாலையில் ஒரு மாணவி இருந்தாள். கேட்ட கேள்விக்குச் சில வேளைகளில் விடை கூறுவாள். சில வேளைகளில் பேசாதிருப்பாள். ஆறாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையில் ‘அடக்கமானவள்’ என்று எழுதியிருந்தது. ஏழாம் வகுப்பில் ‘அழுத்தம் மிக்கவள்’ என்றாயிற்று. எட்டாம் வகுப்பில் ‘அசட்டையானவள்’. மூன்று வகுப்பாசிரியர்கள், மூன்று சொற்கள். அடக்கம் என்ற சொல்லைப் படித்த தாயார் மகிழ்ந்து வாளாவிருந்தார். அசட்டை என்ற சொல்லைப் படித்த தந்தையார் பிரம்பை எடுத்தார். ஒன்பதாம் வகுப்பில் பாடசாலைக்கு வந்த வைத்தியக் குழுவினர் பரிசோதித்தபோதே அவளுக்கு இடக்காது கேட்பதில்லை என்பது வெளிப்பட்டது. வகுப்பறையில் அவளுடைய இருக்கையை மாற்றினார்கள், அவ்வளவே. ‘இடப்பக்கமிருந்து கேட்டால் விடை கூறுவதில்லை’ என்று கண்டதை ஒருவர் அப்படியே எழுதியிருந்தால் மூன்று ஆண்டுகள் வீணாகியிரா. குணத்துக்குப் பெயரிட்டதும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

ஒரு குழந்தை விருந்தினர் முன் வர மறுக்கிறது. அது கூச்சமா, வெட்கமா, அச்சமா? கூச்சம் பழகப் பழகத் தீரும். வெட்கத்துக்கு முன்னே நிகழ்ந்த ஒரு காரணம் இருக்கும். அச்சமாயின், வந்த விருந்தினர் யார் என்பதைப் பெற்றோர் கவனித்தே ஆகவேண்டும். "பிள்ளைக்குக் கூச்சம்" என்று சிரித்து மழுப்புவது எப்போதும் சரியாகாது.

துன்பத்தின் சொற்களிலும் இவ்வாறே. கவலை வரப்போவதை நோக்கியது. துயரம் வந்துவிட்டதை நோக்கியது. பரீட்சைக்கு முன்னே கவலை. இழவு வீட்டில் துயரம். ‘ஏங்குதல்’ தமிழகத்தார்க்கு ஒன்றை விரும்பி வாடுதல். எங்களுக்கோ, "ஏங்கிப் போனேன்" என்றால் திடுக்கிட்டுத் திகைத்தேன் என்று பொருள். மனச்சோர்வு இன்று வைத்தியர்கள் ஒரு நோய்க்கு வழங்கும் பெயர். ஒரு மாலைப்பொழுது மனம் சரியில்லை என்பதற்காக அதனை எடுத்தாண்டால், உண்மையில் அந்நோயுற்றவரின் சொல்லும் வலுவிழக்கும். போர் தந்த உளப் பாதிப்புகளைப் பற்றி எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் நூலுக்கு ‘மனவடு’ என்று பெயரிட்டார். ‘மனப்புண்’ என்றிருந்தால் ஆறிவிடும் என்ற எண்ணம் தோன்றும். புண் வேறு, வடு வேறு என்பதை வள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்தில் காட்டியுள்ளார். அங்கே வடுவை உண்டாக்குவது நாவு.

‘அந்தரம்’ என்ற சொல்லையும் கூறவேண்டும். இலக்கியத்தில் அது வானவெளி. எங்கள் வீடுகளிலோ, பிள்ளை பொழுதுபட்டும் வீடு திரும்பாதபோது தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாளே, அந்நிலை. கவலையும் அச்சமும் அவசரமும் அதிற் கலந்துள. காலுக்குக் கீழே நிலமில்லாத உணர்வும் உண்டு. ஆகாயத்தில் தொங்குபவரின் நிலைக்கு வேறு பெயர் ஏது? சில ஆசிரியர்கள் கட்டுரைகளில் இதனைப் பேச்சு வழக்கென்று வெட்டிக் ‘கவலை’ என்று திருத்துகின்றனர். நான் வெட்டுவதில்லை.