ஏறுமா என்று கேட்பதற்கு முன் இறங்குமா என்று கேளுங்கள்
பழைய ஜீப் வாங்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

மலைநாட்டில் பழைய வாகனம் பார்க்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, "ஏத்தத்துல இழுக்குமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு: "இறக்கத்தில் நிற்குமா?" ஏற்றத்தில் நின்றுபோன வண்டியால் நமக்கு நேரம்தான் நட்டம். இறக்கத்தில் நிற்காத வண்டியால் உயிர் நட்டம். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இன்னும் பல குடும்பங்களை வீட்டையும் பயிர்நிலத்தையும் விட்டு வெளியேற வைத்தன. இப்படி இடம்பெயர்ந்து புதிய இடத்தில் மீண்டும் மரக்கறி செய்ய முனையும் குடும்பங்களுக்கு முதலில் முட்டுக்கட்டையாவது பாதை. பஸ் வராது. லீக்ஸ், கரட், கோவா மூட்டைகளைப் பிரதான வீதிவரை சுமக்க வேண்டும். நோயாளியையும் அப்படியே, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய இடம்வரை தூக்கிச் செல்ல வேண்டும். எனவே நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பழைய சிறிய ஜீப் ஒன்றை வாங்க எண்ணுவது நியாயமானதே.

ஆனால் அது மலிவான காரியமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருபது, முப்பது வயதான வண்டிகளும் விலையேறின. சுசுகி ஜிம்னி 1970இலும், எஸ்குடோ 1988இலும், மிட்சுபிஷி பஜெரோ மினி 1994இலும், டைஹட்சு டெரியோஸ் 1997இலும் முதலில் வெளிவந்தவை. இவை மலைக்குப் பொருத்தமானவைதாம். ஆயினும் எந்தப் பெயர் என்பதைவிட, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதே முக்கியம்.

நாம் கற்ற பாடம்

எமது குழுவிடமும் ஒரு பழைய ஜீப் உண்டு. ஒரு மழைக்காலத்தில், பின்னால் மூட்டைகளும் உள்ளே ஐவருமாகக் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை. ஓட்டியவர் பதற்றமின்றி முதலாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, மேட்டுப் பக்கக் கானுக்குள் சக்கரத்தை விட்டார். பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

பின்னர் கழற்றிப் பார்த்தபோது பிரேக் ஒயில் கறுத்துப் போயிருந்தது. அதைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டி எல்லாருக்கும் சொந்தம். பொறுப்பு எவருக்கும் இல்லை. பழுது பிரேக்கில் தொடங்கவில்லை, எம்மில் தொடங்கியது.

பிரேக்

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். டொட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155 பாகைகள். நீண்ட இறக்கத்தில் ஓயாமல் பிரேக் மிதித்தால் சூடு ஏறி ஒயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதிக்கும் விசை குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்தைச் சென்றடையாது. எமக்கு நேர்ந்தது இதுவே.

எனவே, வண்டி வாங்கிய உடனே பழைய ஒயிலை முழுதாக அகற்றிப் புதியது நிரப்புங்கள். பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். மிதி மெதுவாகத் தானே கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் ஒயில் கசிகிறது, அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது. இவற்றில் எதையும் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று விடலாகாது.

ஓட்டுபவருக்கும் ஒரு விதி: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெற்றோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், என்ஜினை நிறுத்தி உருட்டுவதும் வேண்டவே வேண்டாம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசை ஓரிரு மிதிப்போடு தீர்ந்துவிடும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று, வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். நமது இறக்கங்கள் எவ்வளவு கொடியவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

என்ஜின் சூடேறுதல்

கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து இதைத் தடுக்கிறது. மூடியின் ரப்பர் பழுதானால் ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். பலர் ரேடியேட்டரை மாற்றிச் செலவழித்த பின்னரே சிறிய மூடிதான் காரணம் என்று அறிகிறார்கள்.

ஓடைத் தண்ணீரையே ஊற்றி வந்தால் உள்ளே துருவும் படிவும் சேரும். கூலன்ட் கலந்து நிரப்புவதே நல்லது. மூடியைச் சூட்டோடு ஒருபோதும் திறக்காதீர்கள். பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். என்ஜின் ஒயில் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர்போல் படிந்திருந்தால், அல்லது என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி எழுந்தால், ஹெட் காஸ்கெட் பழுதாக இருக்கக்கூடும். இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

டைமிங் பெல்ட்

பஜெரோ மினியிலும், பழைய எஸ்குடோவின் 1600 சீசீ என்ஜினிலும் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட் உள்ளது. ஜிம்னியில் சில என்ஜின்களுக்குப் பெல்ட், சிலவற்றுக்குச் சங்கிலி. பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில என்ஜின்களில் வால்வுகளும் வளைந்து பெருஞ்செலவு வைக்கும். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்ப வேண்டாம். அதைத் திருத்துவது எளிது. மாற்றியதற்கு எழுத்துச் சான்று இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நான்கு சக்கர இயக்கம்

ஜிம்னி போன்ற வண்டிகளில் முன்சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் லீவரை, சேறு, சரளை, ஈரப் புல் ஆகியவற்றில் மட்டும் பயன்படுத்த வேண்டும். உலர்ந்த தார் வீதியில் அப்படியே ஓட்டினால், வளைவுகளில் முன்பின் சக்கரங்கள் சமமாக ஓட முடியாமல் கியர்கள் இறுகித் தேயும். மாறாக, செங்குத்தான தோட்டப் பாதையில் இறங்கும்போது தாழ்நிலைக் கியர் பிரேக்குக்குப் பெருந்துணை. வாங்கும் நாளிலேயே மண் பாதையில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

துரு, டயர், பெட்டரி

மழையும் சேறும் மிகுந்த நமது பகுதியில் சேசியின் உட்பக்கம் துருப்பிடிக்கும். புதுப் பெயின்ட் கண்டு மயங்காமல், கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய டயர் வெடிக்கும். குளிர்காலையில் பெட்டரியின் வலு குறையும். ஆகவே வண்டியை மாலையில் அல்ல, அதிகாலையில் சென்று ஸ்டார்ட் செய்து பாருங்கள். சேசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா, புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கொப்பியும் ஒரு உண்டியலும்

விபத்துத் தப்பிய பின் நாம் செய்தவை இரண்டே. முதலாவது, வண்டிக்குள் ஒரு கொப்பி. எந்த நாளில் எந்த ஒயில் மாற்றினோம், என்ன பழுது கண்டோம் என்பதை ஓட்டியவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பயணத்துக்கும் பெற்றோல் செலவுக்கு மேலாக ஒரு சிறு தொகையைப் பழுதுக்கென்று ஒதுக்க வேண்டும். மேற்பார்வை மாதத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துள்ளோம். அந்த மாதம் அந்தக் குடும்பத்தின் சொல்லே இறுதி. "பிரேக் சரியில்லை, இன்று வண்டி போகாது" என்று வீட்டிலிருக்கும் அக்கா சொன்னாலும் வண்டி போகாது. இது சிலருக்குக் கசந்தது. ஆனால் இப்போது எவரும் முணுமுணுப்பதில்லை.

ஒயிலும் தண்ணீரும் தினமும் காலையில். டயர்க் காற்று வாரம் ஒருமுறை. பிரேக் கட்டைகளும் கைப்பிரேக்கும் மாதம் ஒருமுறை. இம்மூன்றையும் பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம்.

நல்ல சமாரியன் காயப்பட்டவரைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் சென்றதை ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த விலங்குக்கும் எவரோ வேளைக்குப் புல் போட்டுத் தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். இல்லையேல் அன்று அது நடந்திராது. நிலத்தை இழந்த நமக்கு மிஞ்சியிருப்பது ஒருவர்க்கொருவர் துணையே. அத்துணையை ஏற்றிச் செல்லும் வண்டியையும் அவ்வாறே பேணுவோம்.