ஒரு காய்ச்சல் போதாது: மலேரியாவும் வயதும்

2023ஆம் ஆண்டில் மலேரியாவால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

அதே வீட்டில், அதே கொசுக்களிடம் கடிபட்டுத் தூங்கும் அப்பாவுக்கு என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அவருடைய ரத்தத்தைச் சோதித்தால் ஒட்டுண்ணி இருக்கக்கூடும்; ஆனால் காய்ச்சல் இருக்காது. காலையில் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். பக்கத்தில் படுத்திருந்த இரண்டு வயதுக் குழந்தை மட்டும் அனலாய்க் கொதிக்கும்.

மலேரியா பாடத்தில் பிளாஸ்மோடியம், பெண் அனாபிலஸ் கொசு, 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது எல்லாவற்றையும் நடத்துகிறோம். இந்த வயது வேறுபாட்டைப் பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை. ஆனால் நோய்த்தடைக்காப்பு பாடத்துக்கு வரும்போது மாணவர்களே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். "அம்மை ஒரு தடவை போட்டா பெரும்பாலும் மறுபடி போடாதுன்னு சொன்னீங்க. அப்போ மலேரியா வந்தவங்களுக்கும் மறுபடி வராதா டீச்சர்?" என்று என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "வரும்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஏன் வரும் என்பதைச் சொல்லத்தான் ஒரு முழுப் பாடவேளை தேவைப்படுகிறது.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த அதே ராபர்ட் கோக். 1899, 1900ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூ கினியிலும் ஊர் ஊராகச் சென்று குழந்தைகள், பெரியவர்கள் எல்லோருடைய ரத்தத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தார். மலேரியா மிகுந்த ஊர்களில் சிறு குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. வயது ஏற ஏற அது குறைந்தது. பெரியவர்களிடம் அநேகமாக இல்லை. மலேரியா குறைந்த ஊர்களிலோ இந்த வேறுபாடு தெரியவில்லை. மருந்து எதுவும் இல்லாமல், தொடர்ந்து நோய்க்கு ஆளாவதாலேயே உடல் ஒரு பாதுகாப்பைச் சம்பாதிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சம்பாதிக்கிறது என்பது சரியான சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது ஒரே நாளில் கைக்கு வருவதில்லை, படிப்படியாக வருகிறது. முதலில் கிடைப்பது, நோய் முற்றி உயிரைப் பறிக்காமல் காக்கும் பாதுகாப்பு. இதன் பெரும்பகுதி முதல் சில தொற்றுகளிலேயே வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்து, பல ஆண்டுகள் கழித்து, காய்ச்சலே வராமல் தடுக்கும் ஆற்றல் வருகிறது. ரத்தத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையை மிகக் குறைவாக வைத்திருக்கும் ஆற்றல் இன்னும் தாமதமாக, பதின்பருவத்தில்தான் உறுதிப்படுகிறது. ஒட்டுண்ணி உள்ளே வரவே முடியாதபடி தடுக்கும் முழுப் பாதுகாப்பு? அநேகமாக யாருக்கும் வருவதில்லை.

தட்டம்மைக்கு ஒருமுறை போதும்போது மலேரியாவுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள்? பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்ததும், அதன் மேற்பரப்பில் தன் புரதம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. அந்தப் புரதம் கொக்கி போல வேலை செய்கிறது. சிவப்பணுவை ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டவைத்து, மண்ணீரல் வழியே போய் அழிந்துவிடாமல் காப்பாற்றுகிறது. நம் உடல் அந்தக் கொக்கியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. ஆனால் அந்தப் புரதத்துக்கான மரபணுக்கள் ஒவ்வோர் ஒட்டுண்ணியிடமும் அறுபது போல இருக்கின்றன. ஒன்று மாட்டிக்கொண்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். ஊரிலுள்ள வேறோர் ஒட்டுண்ணியிடம் இருப்பது வேறோர் அறுபது.

வகுப்பில் இதை நான் சட்டையை வைத்துச் சொல்வேன். வாட்ச்மேன் ஒருவர் திருடனை அவன் சட்டையைக் கொண்டே அடையாளம் காண்கிறார். திருடனிடம் அறுபது சட்டை இருக்கிறது. ஊரில் திருடர்களும் பலர். புது வாட்ச்மேன் எத்தனை திருட்டைப் பார்த்த பிறகு எல்லாச் சட்டையையும் தெரிந்துகொள்வார்? மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். "அதுக்குள்ள வீடே காலியாகிடும் டீச்சர்" என்றான் ஒருவன். ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்புக் கணக்கு சொல்வதும் அதைத்தான்.

பெரியவர்களின் ரத்தத்தில் உண்மையிலேயே பாதுகாக்கும் பொருள் இருக்கிறதா என்பதற்கு நேரடிச் சான்று 1961இல் காம்பியாவிலிருந்து வந்தது. கோஹன், மெக்ரெகர், கேரிங்டன் ஆகியோர், மலேரியாப் பகுதியில் வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது. மலேரியாவையே அறியாத இங்கிலாந்து மக்களிடமிருந்து எடுத்த அதே பொருளால் பயனில்லை. பின்னர், மேற்கு ஆப்பிரிக்கப் பெரியவர்களின் எதிர்ப்பொருள் கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் உதவியது. எதிர்ப்பொருள் பற்றிய பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இங்கே அறிவியல் ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். முப்பது வயதுக்காரரைக் காப்பது அவர் பட்ட முப்பது ஆண்டுக் கொசுக்கடியா, அல்லது அவருடைய வயதேவா? பிறந்தது முதல் ஒரே ஊரில் இருப்பவரிடம் இரண்டும் சேர்ந்தே வளர்வதால் பிரித்துப் பார்க்க முடியாது. பிரிக்க வேண்டுமானால், மலேரியாவை அறியாத பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரு மலேரியா ஊருக்குக் குடிவர வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்யக்கூடாத சோதனை இது. ஆனால் இந்தோனேசியாவில் தானாக நடந்தது.

மக்கள் நெருக்கம் மிகுந்த ஜாவாவிலிருந்து குடும்பங்களைத் தொலைதூரத் தீவுகளுக்குக் குடியேற்றும் அரசுத் திட்டம் அங்கே இருந்தது. அப்படிப் பல குடும்பங்கள் பப்புவாவின் ஆர்சோ பகுதிக்கு வந்தன. ஜாவாவில் அப்போது மலேரியா மிகக் குறைவு. ஆர்சோவில் மிக அதிகம். கெவின் பெயர்ட் என்ற ஆய்வாளரும் இந்தோனேசிய மருத்துவர்களும் இவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வந்த புதிதில் பெரியவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடுமையான நோய்க்கு ஆளாகும் ஆபத்து குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கே கூடுதலாக இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. ஒட்டுண்ணி குழந்தைகளிடம் அதிகமாகவும் பெரியவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த பப்புவா மக்களிடம் வயதுவாரியாக என்ன வேறுபாடு இருந்ததோ, அதே வேறுபாடு இரண்டே ஆண்டில் இவர்களிடமும் வந்துவிட்டது.

எல்லோரும் பட்ட கடி ஏறத்தாழ ஒன்றுதான். கற்றுக்கொண்ட வேகம்தான் வேறு. ஆக, அனுபவம் போலவே வயதும் தனியாக ஒரு பங்கு வகிக்கிறது. முதிர்ந்த உடல் முதல் தாக்குதலில் அளவுக்கு மீறிக் கொந்தளித்துத் தன்னையே வருத்திக்கொள்கிறது; பிறகு விரைவாகக் கற்கிறது. ஏன் இப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு.

முதல் தாக்குதலில் வயது எதிராக வேலை செய்வதை இங்கிலாந்தின் கணக்கும் காட்டுகிறது. வெளிநாடு சென்று பால்சிபாரம் மலேரியாவோடு திரும்பியவர்களின் 20 ஆண்டுப் பதிவுகளில், 1987 முதல் 2006 வரை, சுமார் 25,000 பேரில் 191 பேர் இறந்திருந்தனர். வயது கூடக் கூட இறப்பு விகிதமும் கூடியது. 65 வயதைத் தாண்டியவர்களில் அது 4.6 விழுக்காடு. ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களிடம் 0.4 விழுக்காடு, மற்றவர்களிடம் 2.4 விழுக்காடு. சிறுவயது அனுபவத்தின் பலன் ஓரளவு தங்குகிறது என்றே இதைப் படிக்கலாம். அதை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. பல ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், "எனக்கு இது பழகிய காய்ச்சல்தானே" என்று மாத்திரை எடுக்காமல் போய் நோயோடு திரும்புகிறார்கள். தொடர்ந்து தொற்று இல்லாவிட்டால் காய்ச்சலைத் தடுக்கும் ஆற்றல் மங்கிவிடுகிறது.

வாழ்வின் இரண்டு கட்டங்களில் இந்த ஒழுங்கு மாறுகிறது. ஒன்று பிறந்த முதல் சில மாதங்கள். தாயின் எதிர்ப்பொருள்களும், சிசுவுக்கே உரிய ஹீமோகுளோபினும் சேர்ந்து ஆறு மாதம் வரை ஓரளவு காப்பாற்றுகின்றன. மற்றொன்று முதல் கர்ப்பம். மலேரியாவை வென்று வளர்ந்த பெண்கூட முதல் கர்ப்பத்தில் மீண்டும் பாதிக்கப்படுகிறாள். நஞ்சுக்கொடி என்ற புதிய உறுப்பு உருவாகும்போது, அதில் மட்டுமே ஒட்டக்கூடிய கொக்கியை ஒட்டுண்ணி எடுத்து மாட்டிக்கொள்கிறது. அந்தச் சட்டையை அவள் உடல் அதுவரை பார்த்ததே இல்லை. ரத்தசோகை வருகிறது, குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் இந்த ஆபத்து குறைகிறது.

தடுப்பூசியும் வயதைப் பார்க்கிறது. ஆப்பிரிக்காவின் 11 இடங்களில் நடந்த பெரிய சோதனையில், ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு நான்கு தவணை போட்டபோது, நான்கு ஆண்டுகளில் காய்ச்சல் நிகழ்வுகள் 36 விழுக்காடு குறைந்தன. ஆறு முதல் பன்னிரண்டு வாரச் சிசுக்களிடம் 26 விழுக்காடுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குறுக்கிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தபோது, முதல் தவணை ஐந்து மாதத்திலிருந்து என்றே சொன்னது. 2023இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 தடுப்பூசி புனேயில் தயாராகிறது.

இனி ஒரு சங்கடமான கேள்வி. கடிபட்டால்தான் எதிர்ப்பாற்றல் வரும் என்றால், குழந்தையைக் கொசுவலைக்குள் வைப்பது அந்த ஆற்றலைத் தடுப்பதாகாதா? இன்று காப்பாற்றிவிட்டு, ஏழு வயதில் சாகவிடுகிறோமா? 1990களில் மலேரியா ஆய்வாளர்களே இதைத் தீவிரமாக விவாதித்தார்கள். வகுப்பில் கூர்மையான மாணவர் யாராவது இதைக் கேட்பார். "அது தவறு" என்று அதட்டி உட்காரவைக்காமல், சான்றைக் காட்ட வேண்டிய இடம் இது.

சான்று தான்சானியாவின் இஃபகாரா பகுதியிலிருந்து 2022இல் வந்தது. 1998 முதல் 2000 வரை பிறந்த 6,706 குழந்தைகள், சிறுவயதில் எவ்வளவு வலைக்குள் தூங்கினார்கள் என்ற பதிவு இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். பார்வையிட்ட நாட்களில் பாதிக்கு மேல் வலையில் தூங்கியதாகப் பதிவானவர்களிடம், மற்றவர்களைவிட இறப்பு 43 விழுக்காடு குறைவு. ஐந்து வயதைக் கடந்த பின் அவர்கள் அதிகமாக இறந்தார்கள் என்பதற்கு அடையாளமே இல்லை. சில ஆண்டுகள் தாமதமாக, சற்று வளர்ந்த உடலோடு ஒட்டுண்ணியைச் சந்திப்பதால் எந்த நட்டமும் வந்துவிடவில்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மலேரியா மிகக் குறைந்துவிட்டது, நல்ல செய்தி. அதன் மறுபக்கம், இங்கே எந்த வயதினருக்கும் இந்த எதிர்ப்பாற்றல் கிடையாது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் கொசு கடித்தால், தாத்தாவும் பேரனும் ஒன்றுபோலவே படுப்பார்கள்.

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்குள்ள மலைக்கிராமங்கள் சிலவற்றில் மலேரியா இன்னும் உண்டு. காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களும் உண்டு. அதனால்தான் ஒடிசா அரசு 2017இல் தொடங்கிய 'தமன்' திட்டத்தில், எளிதில் போக முடியாத கிராமங்களில் காய்ச்சல் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், எந்த ஊர், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்கலாம். அங்கே பரிசோதனை இலவசம். அந்தப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டாம். மலேரியா தொட்டால் ஒட்டாது, கொசு வழியாகத்தான் பரவும். பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி இருக்கிறதா என்று அன்றைக்கே ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம்.